தமிழ் எழுத்துணரிகளை ஒப்பிட எந்த அளவையைத் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

அச்சு நூல்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நூலகமோ, பதிப்பகமோ, தன்னார்வக் குழுவோ அந்தப் படங்களைத் தட்டச்சு உரையாக மாற்ற முனையும்போது, கையில் இரண்டு மூன்று எழுத்துணரிகள் (படத்தில் உள்ள எழுத்தை அறிந்து உரையாக்கும் மென்பொருள்கள்) இருக்கும். எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரு சதவீதத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று புதியவர்கள் தொடங்குகிறார்கள். அந்தச் சதவீதம் எதை எண்ணியது, எதால் வகுத்தது என்பதைப் பொறுத்து ஒரே எழுத்துணரி முதலிடத்திலும் கடைசியிடத்திலும் வரக்கூடும். கீழுள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முன்படி முடியாமல் பின்படிக்குப் போனால், செய்த வேலையை மறுபடி செய்ய நேரும்.

1. உரை எதற்கு என்பதை முதலில் எழுதி வையுங்கள்

எந்த எழுத்துணரியையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன், வெளிவரும் உரையை யார், எதற்குப் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள். அளவை இதிலிருந்துதான் பிறக்கிறது.

மறுபதிப்புக்காக என்றால், உரை எப்படியும் மெய்ப்புப் பார்ப்பவர் கைக்குப் போகும். ஆகவே அவருடைய நேரம்தான் முதன்மை அளவை. ஸ்கேன் படத்துக்குப் பின்னால் மறைந்திருந்து தேடலுக்கு மட்டும் உதவும் உரை என்றால், முழுச்சொல் சரியாக வந்ததா என்பதே கேள்வி. பார்வையற்ற வாசகர்கள் திரைவாசிப்பு மென்பொருள் வழியாகக் கேட்பதற்கு என்றால், சொல்லின் சரியோடு வரிசையின் சரியும் சேர்ந்துகொள்கிறது. சொல்லடைவு தயாரிக்கும் ஆய்வாளருக்கோ, அச்சில் உள்ள பழைய எழுத்துக்கூட்டல் மாறாமல் வருவது எல்லாவற்றையும்விட முக்கியம்.

முடிவுகளைப் பார்த்த பிறகு அளவையைத் தேர்ந்தெடுத்தால், ஏற்கெனவே மனத்துக்குப் பிடித்த எழுத்துணரி வெல்லும் அளவையையே நம்மை அறியாமல் தேர்ந்தெடுப்போம். நேர்மையானவர்களும் இதில் விழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதித் தேதியிட்டு வைப்பதைத் தவிர இதற்கு வேறு காப்பு இல்லை.

2. சோதனைப் பக்கங்களும் மூலப்படியும்

சோதனைக்கு நாற்பது ஐம்பது பக்கங்களாவது வேண்டும். நன்றாகத் தெரியும் பக்கங்களைப் பொறுக்கி எடுக்காமல், நூல்களையும் பக்க எண்களையும் குலுக்கல் முறையில் எடுங்கள். செய்யுள், உரைநடை, அடிக்குறிப்பு, பொருளடக்கம், மங்கிய தாள் என ஒவ்வொரு வகையிலும் சில பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாத வகையிலிருந்து மறுபடி குலுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும், அச்சில் உள்ளதை உள்ளபடியே தட்டச்சிட்ட ஒரு மூலப்படி தேவை. இருவர் தனித்தனியே தட்டச்சிட்டு, வேறுபடும் இடங்களை மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்ப்பதே நம்பத்தக்க முறை. எழுத்துணரி தந்த உரையைத் திருத்தி மூலப்படி ஆக்கலாம் என்று சோம்பலுக்கு இடம் கொடுக்காதீர்கள். திருத்துபவர் கண் தவறவிட்ட பிழைகள் அந்த எழுத்துணரிக்குச் சாதகமாக மூலப்படியிலேயே தங்கிவிடும்.

இன்னொரு குறுக்குவழியும் ஆபத்தானது. தமிழ் நூல்களை இணையத்தில் உரையாகத் தரும் மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் அதே நூலின் உரை கிடைக்கிறதே என்று அதை மூலப்படியாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு பதிப்பாக இருக்கலாம். உங்கள் நூலில் சந்தி சேர்ந்து நிற்கும் அடிகள் அங்கே பதம் பிரித்துத் தரப்பட்டிருக்கலாம். பதிப்பு வேறுபாடு முழுவதும் எழுத்துணரியின் பிழையாகக் கணக்கில் ஏறிவிடும். அதோடு, இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் உரைகளை இன்றைய மொழி மாதிரிகள் (ஏராளமான உரைகளைப் படித்து, அடுத்து வரும் சொல்லைக் கணிக்கக் கற்ற மென்பொருள்கள்) பயிற்சியிலேயே படித்திருக்க வாய்ப்புண்டு. அத்தகைய மாதிரியைக் கொண்ட எழுத்துணரிக்கு முன் திருக்குறள் பக்கத்தை வைத்தால், அது படத்தைப் படித்ததா, நினைவிலிருந்து எழுதியதா என்று உங்களால் சொல்ல முடியாது. இணையத்தில் உரையாகக் கிடைக்காத நூல்களே சோதனைக்கு ஏற்றவை.

3. ஒப்பிடும் முன் சமப்படுத்துங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆகவே இங்கே நிதானமாகப் போவோம்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இரண்டு எழுத்துணரிகளை ஒப்பிட்டு, ஒன்று மிக மோசம் என்று அட்டவணை கொண்டுவந்தார். இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்து பார்த்தோம். கண்ணுக்கு வேறுபாடே தெரியவில்லை. பிறகுதான் புரிந்தது: கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் பொதுத் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) ‘கொ’ என்பதை இரண்டு வகையாக எழுதலாம். ‘க’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம், அல்லது கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கோ ஒவ்வொரு ‘கொ’வும் ‘போ’வும் ‘கௌ’வும் பிழை. நல்ல எழுத்துணரி ஒன்று இந்தக் காரணத்தாலேயே கழித்துக்கட்டப்பட இருந்தது.

ஆகவே மூலப்படி, வெளியீடு இரண்டையும் ஒருங்குறியின் இயல்பாக்க முறைகளில் ஒன்றின் வழியாகச் செலுத்துங்கள். இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் முறையைத் (NFC) தேர்ந்தெடுப்பது வழக்கம். அகலமில்லாத இணைப்பான், பிரிப்பான் போன்ற கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளை நீக்குங்கள். வளைந்த மேற்கோள் குறியும் நேரான மேற்கோள் குறியும் உங்கள் பயனுக்கு ஒன்றே என்றால் ஒன்றாக்குங்கள்.

இயல்பாக்கம் தீர்க்காத சிக்கல்களும் உண்டு. ‘ஸ்ரீ’ இரண்டு வேறு முதலெழுத்துகளால் எழுதப்படுகிறது. ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் கொம்பு போட்டுப் பின்னால் ‘ள’கரத்தை எழுதுவதும், ‘ஔ’வுக்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் எழுதுவதும் உண்டு. தமிழ் எண்களில் ‘௧’ ககரத்தையும், ‘௨’ உகரத்தையும், ‘௭’ எகரத்தையும், ‘௮’ அகரத்தையும் ஒத்திருக்கின்றன. இவற்றைச் சமப்படுத்தலாமா என்பதற்கு முதற்படியில் எழுதிய பத்தியைத் திரும்பப் படியுங்கள். என் கருத்தில், ‘ஸ்ரீ’யை ஒன்றாக்கலாம், மற்றவற்றை ஒன்றாக்கக் கூடாது. படிப்பவர் கண் பொறுத்துக்கொண்டாலும் தேடல் பொறுக்காது. ‘௮’ என்ற பாட்டெண் ‘அ’ என்று வந்தால் அது பிழைதான்.

1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் ‘ணை’, ‘லை’, ‘ளை’, ‘னை’ ஆகியவையும் ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியவையும் பழைய வடிவில் இருக்கும். அவ்வடிவங்களுக்கு ஒருங்குறியில் தனிக் குறியீடு கிடையாது. ஆகவே இன்றைய எழுத்தாக வந்தால் அது சரி. மூலப்படியிலும் அப்படியே தட்டச்சிடுங்கள்.

வரி முறிவையும் கவனியுங்கள். பழைய தமிழ் அச்சில் ஒரு சொல் வரி இறுதியில் எந்தக் குறியும் இல்லாமல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். ஓர் எழுத்துணரி வரிகளைச் சேர்க்கும்போது அங்கே இடைவெளி விடும், இன்னொன்று விடாது. வரி முறிவைக் காப்பாற்றி வரிக்கு வரி ஒப்பிடுவது பாதுகாப்பானது. முடியாவிட்டால், எழுத்துக் கணக்கில் இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒப்பிட்டு, இடைவெளிப் பிழைகளைத் தனியாக எண்ணுங்கள்.

4. எழுத்து என்றால் எது என்று முடிவு செய்யுங்கள்

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? மூன்று என்று குழந்தையும் சொல்லும். பைத்தான் நிரலில் நீளம் கேட்டால் ஐந்து என்று வரும், ஏனென்றால் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறிக் குறியீடுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 (ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் ஒரு முறை) கோப்பில் பைட்டுகளை எண்ணினால் பதினைந்து. எழுத்துப்பிழை விகிதம் என்று வெளியிடப்படும் எண் இந்த மூன்றில் எதால் வகுக்கப்பட்டது என்று கேட்காமல் அதை நம்பாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். மூலப்படியில் ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று இருக்கிறது. தாள் மங்கியதால் இறுதிப் புள்ளி விழவில்லை. எழுத்துணரி ‘வந்துகொண்டிருந்தார்கள’ என்று தருகிறது. தமிழ் எழுத்தாக எண்ணினால் 12-இல் 1 பிழை, அதாவது 8.3 சதவீதம். குறியீடாக எண்ணினால் 22-இல் 1, அதாவது 4.5 சதவீதம். சொல்லாக எண்ணினால் 1-இல் 1, அதாவது 100 சதவீதம். ஒரே புள்ளி, மூன்று விகிதங்கள்.

அறிக்கையில் தமிழ் எழுத்தையே அலகாகக் கொள்ளுங்கள். அச்சைப் படிப்பவரும் மெய்ப்புப் பார்ப்பவரும் எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். குறியீட்டு அளவிலான கணக்கை உங்கள் உள்வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்த எழுத்துணரி புள்ளியை விடுகிறது, எது ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் குழப்புகிறது என்பதை அது தெளிவாகக் காட்டும். ‘க்ஷ’வை ஓரெழுத்தாகக் கொள்வதா இரண்டாகக் கொள்வதா என்பதில் எதைத் தேர்ந்தாலும் சரி, எல்லா எழுத்துணரிக்கும் அதையே கொள்ளுங்கள்.

5. பிழைகளை எண்ணுதல்

பள்ளி இலக்கணத்தில் விகாரப் புணர்ச்சிக்குப் படித்த தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் இங்கே அப்படியே பொருந்துகின்றன. மூலத்தில் இல்லாத எழுத்து தோன்றினால் ஒன்று, ஓரெழுத்து வேறாகத் திரிந்தால் ஒன்று, இருந்த எழுத்து கெட்டால் ஒன்று. வெளியீட்டை மூலப்படியாக மாற்றத் தேவையான மிகக் குறைந்த எண்ணிக்கையைக் கண்டு, மூலப்படியின் எழுத்து எண்ணிக்கையால் வகுப்பதே எழுத்துப்பிழை விகிதம். இதற்கான நிரல்கள் எளிதாகக் கிடைக்கின்றன. குறியீட்டுக்குப் பதிலாக எழுத்துகளைப் பிரித்துப் பட்டியலாக அதனிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வகுக்கும் எண் எப்போதும் மூலப்படியினுடையதாக இருக்கட்டும். வெளியீட்டின் நீளத்தால் வகுத்தால், இல்லாததைச் சேர்த்து நீட்டி எழுதும் எழுத்துணரிக்குச் சலுகை கொடுத்ததாகும்.

ஒரு பக்கத்துக்கு எழுத்துணரி எதுவும் தராமல் நின்றுவிட்டால், அந்தப் பக்கத்தைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். எல்லா எழுத்தும் கெட்டதாகக் கொள்ளுங்கள். கடினமான பக்கங்களில் தோற்று நின்றது, அந்தப் பக்கங்கள் நீக்கப்பட்டதாலேயே முதலிடம் பெறுவது வழக்கமான தவறு.

6. சொற்பிழை விகிதத்தை எப்போது நம்பலாம்

சொற்பிழை விகிதம், அதாவது எழுத்துக்குப் பதிலாகச் சொல்லை அலகாகக் கொண்டு எண்ணும் பிழை விகிதம், ஆங்கிலத்தில் வேரூன்றிய அளவை. தமிழில் ஒட்டுகள் சேர்ந்து சொல் நீளும்போது அதன் பொருள் மாறுகிறது. எழுத்துப்பிழை விகிதம் 2 சதவீதம் என்றும், பிழைகள் ஒன்றையொன்று சாராமல் விழுகின்றன என்றும் கொண்டால், ஏழெழுத்துச் சொல் பிழைபட 13 சதவீத வாய்ப்பும், பன்னிரண்டெழுத்துச் சொல் பிழைபட 21 சதவீதத்துக்கு மேலான வாய்ப்பும் இருக்கும். ஆகவே வேறு மொழியில் வெளியான சொற்பிழை விகிதத்தோடு தமிழ் விகிதத்தை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

இடைவெளியும் இங்கே விளையாடுகிறது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதை ‘வந்து கொண்டிருந்தார்கள்’ என்று பிரித்துத் தந்தால், ஒரு சொல் திரிந்தது, ஒரு சொல் தோன்றியது என்று இரண்டு பிழைகள். மூலத்தில் இருந்தது ஒரே சொல். விகிதம் 200 சதவீதம். நூறைத் தாண்டிய எண்ணைப் பார்த்து நிரலில் தவறு என்று பலர் தேடுகிறார்கள். தவறு நிரலில் இல்லை.

தேடல்தான் நோக்கம் என்றால், சொற்பிழை விகிதத்தைவிட நேரான ஒரு வழி உண்டு. வாசகர்கள் தேடக்கூடிய ஆள்பெயர், ஊர்ப்பெயர், கலைச்சொல் ஆகியவற்றை மூலப்படியிலிருந்து எடுத்துப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றும் மூலப்படியில் எத்தனை இடங்களில் வருகிறது, வெளியீட்டில் தேடினால் அவற்றுள் எத்தனை அகப்படுகிறது என்று எண்ணுங்கள். இந்த எண்ணை நூலகத்தின் பொறுப்பாளருக்கு விளக்கவும் எளிது.

7. சராசரி எடுக்கும் முறை

ஆயிரம் எழுத்துள்ள உரைநடைப் பக்கத்தில் 10 பிழைகள். நூறு எழுத்துள்ள முகப்புப் பக்கத்தில் 20 பிழைகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பிழைகளையும் கூட்டி எல்லா எழுத்துகளாலும் வகுத்தால் 2.7 சதவீதம். பக்கங்களின் விகிதங்களான 1-க்கும் 20-க்கும் சராசரி எடுத்தால் 10.5 சதவீதம்.

மொத்த உழைப்பை மதிப்பிடக் கூட்டி வகுப்பதே சரி. ஒவ்வொரு பக்கமும் தனி ஆவணமாகப் பயன்படும் என்றால், துண்டறிக்கைகள், கடிதங்கள் போல, பக்கச் சராசரி பொருந்தும். எதைச் செய்தாலும் செய்யுள், உரைநடை, மங்கிய தாள் என வகைவாரியாகவும் தனித்தனி எண்களைக் கொடுங்கள். உங்கள் நூலகத்தில் பெரும்பாலானவை மங்கிய செய்யுள் நூல்கள் என்றால், மொத்தச் சராசரியில் வென்றது உங்களுக்கு உதவாமல் போகலாம்.

8. பத்தி வரிசையைத் தனியே அளவிடுங்கள்

இரண்டு பத்திகளாக (அருகருகே நிற்கும் நெடுவரிசைகளாக) அச்சிட்ட இதழ்ப் பக்கத்தை ஓர் எழுத்துணரி குறுக்கே படித்துவிட்டால், ஒவ்வோர் எழுத்தையும் சரியாக அறிந்திருந்தும் எழுத்துப்பிழை விகிதம் எகிறிவிடும். எழுத்தை அறியும் திறனும் பக்க அமைப்பை அறியும் திறனும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன.

பிரித்தறிய, வரிசையைப் பொருட்படுத்தாமல் எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று மட்டும் இரண்டிலும் எண்ணி ஒப்பிடுங்கள். அதில் நன்றாகவும் எழுத்துப்பிழை விகிதத்தில் மோசமாகவும் இருந்தால் குறை பக்க அமைப்பில் இருக்கிறது. பத்திகளை முன்கூட்டி வெட்டிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். நல்ல எழுத்துணரியை வீணே கைவிடாமல் இருக்க இந்தச் சோதனை உதவுகிறது.

9. சரளமான பிழைகளைத் தேடுங்கள்

மொழி மாதிரியோடு இயங்கும் எழுத்துணரிகள் தெளிவற்ற இடத்தில் குப்பை எழுத்துகளைத் தருவதில்லை. பொருத்தமாகத் தோன்றும் வேறு சொல்லைத் தருகின்றன. விடுபட்ட ஒற்றைச் சேர்க்கின்றன. பழைய எழுத்துக்கூட்டலை இன்றைய வழக்குக்கு மாற்றுகின்றன. எழுத்துக் கணக்கில் இவை சிறியவை. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்கோ இவை தப்பிவிடும், ஏனென்றால் வாக்கியம் தடங்கலின்றி ஓடுகிறது. குப்பை எழுத்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்; சரளமான பிழை அச்சேறி அடுத்த பதிப்புக்கும் போகும். இதை நான் மிகக் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நூலாசிரியர் எழுதாத சொல் அவர் பெயரில் நிலைத்துவிடுகிறது.

ஆகவே பிழைபட்ட சொற்களை இரண்டாகப் பிரியுங்கள்: தமிழில் இல்லாத வடிவமாக வந்தவை, இருக்கும் சொல்லாகவே வந்து மூலத்தோடு மாறுபட்டவை. இரண்டாம் வகையை முழுமையாகக் கையால் படித்து வகைப்படுத்துங்கள். ஆண்டுகள், பாட்டெண்கள், பெயர்கள் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். அங்கே சூழலை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை.

10. மெய்ப்பு நேரத்தை அளவிடுதல்

மறுபதிப்புதான் நோக்கம் என்றால் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. ஒரே பக்கத்தை ஒரே ஆள் இரண்டு எழுத்துணரிகளின் வெளியீட்டிலும் திருத்தக் கூடாது. இரண்டாம் முறை நினைவு உதவும். பக்கங்களை இரண்டு கட்டுகளாகப் பிரியுங்கள். முதலாமவர் முதற்கட்டை ஓர் எழுத்துணரியின் வெளியீட்டிலும் இரண்டாம் கட்டை மற்றதன் வெளியீட்டிலும் திருத்தட்டும். இரண்டாமவர் மாற்றிச் செய்யட்டும். ஆளுக்கு ஆள் உள்ள வேகமும் கட்டுக்குக் கட்டு உள்ள கடினமும் இப்படி ஈடுகட்டப்படும்.

நேரத்தோடு, திருத்திய பிறகு மூலப்படியோடு ஒப்பிட்டு எஞ்சிய பிழைகளையும் எண்ணுங்கள். விரைவில் முடிந்த பக்கத்தில் பிழைகள் அதிகம் தங்கியிருந்தால் அந்த விரைவுக்கு மதிப்பில்லை.

11. வேறுபாடு உண்மையானதா

ஒன்றுக்கு 2.1, மற்றதற்கு 2.4 என்று வந்தால் முதலாவது வென்றது என்று உடனே எழுதாதீர்கள். வேறு நாற்பது பக்கங்களை எடுத்திருந்தால் நிலை மாறியிருக்குமா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் நாற்பது பக்கங்களிலிருந்து, எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, நாற்பது பக்கங்களை எடுங்கள். சில பக்கங்கள் இருமுறை வரும், சில வராது. அந்தத் தொகுப்பில் இரண்டு எழுத்துணரிகளின் விகித வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். இதை ஆயிரம் முறை செய்து, வந்த வேறுபாடுகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். இருபத்தைந்தாவதுக்கும் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாவதுக்கும் இடையில் பூஜ்யம் அகப்பட்டால், இந்தப் பக்கங்களைக் கொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

குலுக்க வேண்டியது பக்கங்களை. எழுத்துகளையோ வரிகளையோ அல்ல. ஒரு மங்கிய பக்கத்தில் பிழைகள் கூட்டமாக விழுகின்றன. எழுத்துகளைக் குலுக்கினால் பல்லாயிரம் தனிச் சான்றுகள் இருப்பதுபோல் தோன்றி, இல்லாத உறுதியைக் கொடுக்கும்.

12. முடிவை எழுதும்போது

வேகத்தையும் செலவையும் கடைசியில் பாருங்கள். வேகத்துக்குச் சராசரியோடு, நூற்றில் தொண்ணூற்றைந்து பக்கங்கள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதையும் எழுதுங்கள். சில பக்கங்களில் மட்டும் நெடுநேரம் தவிக்கும் எழுத்துணரியைச் சராசரி காட்டிக்கொடுக்காது.

முடிவில் ஒரே முதன்மை அளவையை, முதற்படியில் எழுதியதை, முன்னால் வையுங்கள். மற்றவற்றைத் துணையாகப் பின்னால் கொடுங்கள். அளவைகளைக் கூட்டிக் கலந்து ஒரே மதிப்பெண் ஆக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. எதற்கு எவ்வளவு எடை என்பது அந்த எண்ணுக்குள் மறைந்துபோகும், பிறகு யாராலும் கேள்வி கேட்க முடியாது.

எழுத்துணரியின் பதிப்பு எண், ஓட்டிய தேதி, ஸ்கேன் அடர்த்தி, சமப்படுத்தல் விதிகள், எழுத்தின் அலகு, சராசரி எடுத்த முறை ஆகிய அனைத்தையும் அட்டவணைக்குக் கீழேயே எழுதுங்கள். இணையவழிச் சேவைகள் அறிவிப்பின்றி மாறுவதால், ஒவ்வொரு பக்கத்தின் மூல வெளியீட்டையும் திருத்தாமல் கோப்பாகச் சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதிய எழுத்துணரி ஒன்று வந்தால், அதே பக்கங்களில், அதே விதிகளில் அதை ஓட்டி, பழைய வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வரிசை சேர்க்க முடியும்.